சீனி வருத்தத்துக்கு மூலிகை: அறுபது தாண்டியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் வயதானவர்கள் இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) கிளினிக்கில் தருகிற குளிசையோடு சேர்த்து ஏதாவது இலை, பட்டை, கொட்டை குடிக்கலாமா? குடிக்கலாம். ஆனால் குளிசையை விட்டுவிட்டு அல்ல, நாலைந்தை ஒன்றாகப் போட்டுக் காய்ச்சியும் அல்ல, சீனியை அளந்து பார்க்காமலும் அல்ல. இந்த மூன்றையும் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பிழையாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

அம்மாவுக்கு 71 வயது. 2022-இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது குளிசை ஒழுங்காகக் கிடைக்கவில்லை, யாரோ சொல்லி வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கினார். பிறகு குளிசை வந்துவிட்டது. சாற்றை நிறுத்தவில்லை. ஒரு நாள் காலை சாறும் குடித்து, சீனியை இறக்குகிற கிளிக்ளசைட் குளிசையும் போட்டு, முற்றம் கூட்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறார். நான் போய்ப் பார்க்கும்போது குசினி வாசலில் உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சுக் குளறி உட்கார்ந்திருந்தார். சீனி அளக்கிற மீற்றரில் 52 (70-க்குக் கீழே போனாலே தாழ்வு). மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தபின் கால் மணித்தியாலத்தில் தெளிந்தார். வயதானவர்களுக்கு கூடிய சீனியை விட இப்படித் திடீரென்று குறைகிற சீனிதான் அந்த நேரத்தில் ஆபத்து. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதோடு படுக்கைதான்.

சதையியை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

சதையி (இந்தியப் புத்தகங்களில் கணையம்) இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கிற, ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளமான உறுப்பு. அதன் பெரும்பகுதி செரிமான நீரைத்தான் சுரக்கிறது. இன்சுலினைச் சுரப்பது உள்ளே தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் சின்னக் கலக்கூட்டங்கள், மொத்த எடையில் ஒன்றிரண்டு வீதம்தான் இருக்கும். 1869-இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜேர்மன் மாணவர் அவற்றைக் கண்டார், அதனால் இன்றும் அவர் பெயரால் லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்கிறார்கள். வயது போகப் போக சதையி சுருங்கும், அதற்குள் கொழுப்பும் படியும், இன்சுலின் சுரக்கிற பீட்டாக் கலங்கள் களைத்துப்போகும். பிரித்தானியாவில் 1977-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்று, ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டுபிடிக்கிற நாளிலேயே இந்தக் கலங்களின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டிருக்கிறது என்று காட்டியது.

ஆகவே "சதையியைப் புதுப்பிக்கும் மூலிகை" என்று யாராவது போத்தலைக் காட்டினால் நம்பாதீர்கள். எலிகளில் சில இலைச் சாறுகள் பீட்டாக் கலங்களைப் பெருக்கியதாகக் கண்டிருக்கிறார்கள்; மனிதரில் அப்படி நிரூபிக்கப்பட்ட மூலிகை எதுவும் இல்லை. மூலிகையால் முடிவது வேறு. சாப்பாட்டிலிருந்து சீனி இரத்தத்தில் ஏறுகிற வேகத்தைக் குறைக்கலாம், அதனால் களைத்த சதையிக்குச் சுமை கொஞ்சம் இறங்கும். அது சின்ன விஷயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளினிக்கில் தருகிற மெற்போமின் ஒரு மூலிகையின் வழி வந்ததுதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியில் இருந்த சத்தைப் பின்பற்றி ஆய்வுகூடத்தில் ஆக்கியது, 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டேர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார். அந்தச் செடியையே தின்ற ஆடுகள் செத்திருக்கின்றன. செடியை விட அதிலிருந்து வந்த குளிசை பாதுகாப்பானது. குளிசை என்றால் நஞ்சு, இலை என்றால் அமுதம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முதலாம் படி: தொடங்குவதற்கு முன்

கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கள். என்னென்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதில் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட், டொல்பியூட்டமைட் ஏதாவது இருந்தால், அல்லது இன்சுலின் ஊசி போட்டால், நீங்கள் சீனி தாழ்ந்துபோகக்கூடிய கூட்டத்தில் இருக்கிறீர்கள். டொக்டரிடம் சொல்லாமல் எந்த மூலிகையும் தொடங்க வேண்டாம். மெற்போமின் மட்டும் என்றால் அந்த ஆபத்து மிகவும் குறைவு.

அப்புறம் சிறுநீரகம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வவுனியாப் பக்கமும் வட மத்திய மாகாணத்தை ஒட்டிய ஊர்களும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் உள்ள பகுதி. சீனி வருத்தமும் அதே சிறுநீரகத்தைத்தான் தாக்கும். கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்த கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இந்த இரண்டு பரிசோதனையும் கையில் இல்லாவிட்டால் மூலிகையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு மூலிகையைத் தெரிவு செய்தல்

ஒன்று. இரண்டாவது வேண்டாம். இரண்டைச் சேர்த்தால் நன்மை வந்தாலும் எதனால் என்று தெரியாது, தீமை வந்தாலும் தெரியாது.

நான் முதலில் கைகாட்டுவது கொவ்வை இலை. எங்கள் வேலிகளில் தானாகப் படருகிறது, காசு இல்லை. இலங்கையிலேயே மனிதரில் சோதித்திருக்கிறார்கள். 2011-இல் வெளியான ஆய்வில் 20 கிராம் பச்சை இலையைச் சிறிதாக அரிந்து தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து நோயில்லாதவர்களுக்குச் சாப்பிடக் கொடுத்து, குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தபோது, இலை சாப்பிட்டவர்களுக்குச் சீனி குறைவாகவே ஏறியது. அது வேறொன்றுமில்லை, நாங்கள் செய்கிற இலைச் சம்பல்தான். பிறகு 2021-இல், புதிதாக நீரிழிவு கண்டவர்களுக்கு இலைச் சாற்றில் செய்த 500 மில்லிகிராம் குளிசையை மூன்று மாதம் கொடுத்து, மற்றப் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலிக் குளிசை கொடுத்து ஒப்பிட்ட ஆய்விலும் சீனி இறங்கியது. இவ்வளவு சான்று நம் வேலியில் இருக்கிற வேறு எந்த இலைக்கும் கிடையாது.

வெந்தயம். இதில் உள்ள பசைத்தன்மையான நார் வயிற்றில் ஊறிப் பெருத்து சீனி உறிஞ்சப்படுவதை மெதுவாக்குகிறது. இரவு ஒரு தேக்கரண்டி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரோடு விதையையும் மென்று சாப்பிட வேண்டும். தண்ணீரை மட்டும் குடித்து விதையை எறிகிறவர்கள் நாரில் பெரும்பங்கை எறிகிறார்கள். ஒரு கிழமை ஒத்துக்கொண்டால் இரண்டு தேக்கரண்டிக்கு ஏற்றலாம். அந்த நார் குளிசையையும் மெதுவாக்கும் என்பதால் குளிசைக்கும் இதற்கும் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போடுகிறவர்கள் தொடவே வேண்டாம்.

சிறுகுறிஞ்சா. இதில்தான் கூடுதல் குழப்பம். சந்தையில் குறிஞ்சா என்று கட்டி விற்பது, வறை செய்கிற அந்த இலை, பலவேளை பெருங்குறிஞ்சா. அது நல்ல கீரைதான், ஆனால் சர்க்கரைக்கொல்லி என்று பெயரெடுத்தது சிறுகுறிஞ்சா. கண்டுபிடிக்க எளிய வழி நாக்கு. இரண்டு இலையை நன்றாக மென்று துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சீனியைப் போடுங்கள். மணலை மெல்வது போல இருந்தால் அது சிறுகுறிஞ்சா. அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் இடங்களை அடைத்துவிடுகின்றன, அரை மணித்தியாலம், சிலருக்கு அதற்கும் கூட. சாப்பாட்டுக்குப் பிறகு பனங்கட்டிக்கும் தொதலுக்கும் கை போகிறவர்களுக்கு இந்த ஒரு குணமே பெரிய உதவி. 1990-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 22 பேருக்கு இதன் சாற்றை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தபோது ஐந்து பேர் குளிசையை விடும் நிலைக்கு வந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சின்ன ஆய்வு, போலிக் குளிசை கொடுத்து ஒப்பிடவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு உங்கள் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். கல்லீரல் பாதித்ததாக ஒரு நோயாளி பற்றிய பதிவும் உண்டு. கண் மஞ்சளானால் உடனே விட வேண்டும்.

பாகல். கறியாக, சம்பலாக, தாராளமாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றுச் சாறு, மேலே சொன்ன காரணத்தால், அறுபது தாண்டியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இருக்கிற ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தவர்களும் சாறுக்கோ குளிசைக்கோ போதிய சான்று இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

ஆவாரை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று வளர்ந்தவர்கள் நாங்கள், அந்தப் பூத் தேநீர் எனக்கும் பிடிக்கும். ஆனால் 1981-இல் இலங்கை மூலிகைகளைச் சோதித்த ஆய்வாளர்கள் ஆவாரையில் கல்லீரலைத் தாக்கக்கூடிய பைரோலிசிடின் அல்கலாய்டுகளைக் கண்டார்கள். இடைக்கிடை ஒரு கோப்பை சரி. தினமும், ஆண்டுக்கணக்கில் வேண்டாம்.

கடலழிஞ்சில். சிங்களத்தில் கோத்தல ஹிம்புட்டு. அந்த மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள். மாச்சத்தும் சீனியும் குடலில் உடைவதை இது தடுக்கிறது. 2005-இல் வெளியான இலங்கை ஆய்வில் 51 பேர் இதன் தேநீரை மூன்று மாதம் குடித்தபோது எச்.பி.ஏ.1.சி (கடந்த மூன்று மாதச் சீனி எப்படி இருந்தது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) சராசரி 6.29, போலித் தேநீரில் 6.65. இறக்கம் உண்மையானது, சிறியது. ஈர வலயத்துச் செடி, எங்கள் காட்டில் தேட வேண்டாம், கடையில்தான் வாங்க வேண்டும்.

நாவல் கொட்டைத் தூளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். தீங்கு பெரிதாக இல்லை, மனிதரில் நல்ல சான்றும் இல்லை. நாவல் காலத்தில் பழத்தைச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் படி: பறிப்பதும் செய்வதும்

வயல் வரம்பில் பறிக்காதீர்கள். களைநாசினி அடித்த வயலின் வேலிக் கொவ்வையும் அந்த மருந்தைக் குடித்திருக்கும். ஏ9 வீதியோரத்து இலையும் வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கிற காட்டோரங்களுக்குள் மூலிகைக்காக யாரும் இறங்க வேண்டாம், பழகின பாதை என்றாலும். ஒரு கொவ்வைத் தண்டை வெட்டிக் கிணற்றடியில் ஊன்றிவிட்டால் இரண்டு மாதத்தில் வீட்டுக்குப் போதும்.

கொவ்வைச் சம்பலுக்கு 20 கிராம் என்பது ஒரு கைப்பிடி இளம் இலை. மூன்று தண்ணீரில் கழுவி, மெல்லிதாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி, கொஞ்சம் உப்பு. மத்தியானச் சோற்றோடு, சோறு சாப்பிடத் தொடங்கும்போதே. கிழமைக்கு மூன்று நான்கு நாள் போதும்.

குடிநீர் காய்ச்சுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சித்த வைத்தியத்தில் எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றவைப்பார்கள். வன்னியில் பல கிணறுகள் உவர், சில இடங்களில் புளோரைட்டும் அதிகம். தண்ணீர் ஆவியாகும், புளோரைட் ஆவியாகாது. எட்டுக் கோப்பைக்குரியது முழுக்க அந்த ஒரு கோப்பையில் நிற்கும். ஆகவே வடிகட்டி விற்கிற குடிதண்ணீரிலோ மழைநீரிலோ காய்ச்சுங்கள். மண்சட்டி அல்லது சில்வர் சட்டி, அலுமினியம் வேண்டாம். அன்றன்று காய்ச்சி அன்றே முடிக்க வேண்டும்.

பல சரக்கு சேர்ந்த ஆவாரைக் குடிநீர் போன்றவை வேண்டுமென்றால் வீட்டில் முயலாதீர்கள். அரச சித்த மருந்தகத்துக்கோ, கைதடியில் உள்ள சித்த போதனா வைத்தியசாலைக்கோ கிளினிக் கொப்பியோடு போய், பதிவு பெற்ற வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். பெயர்ப்பட்டி இல்லாத தூளை, "மூன்று நாளில் சீனி இறங்கும்" என்று சொல்கிற தூளை, வாங்கவே வேண்டாம். பல நாடுகளில் இப்படியான மூலிகைத் தூள்களுக்குள் கிளிபென்கிளமைட்டை அரைத்துக் கலந்திருந்ததைப் பரிசோதனையில் பிடித்திருக்கிறார்கள்.

நான்காம் படி: அளந்து பார்த்தல்

இதைச் செய்யாமல் மூலிகை எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓடுவது போல. ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும், அதனால் குறைந்த ஸ்ட்ரிப்பில் முடிக்கிற முறை சொல்கிறேன். முதல் கிழமை மூலிகை இல்லாமல், மூன்று நாள் காலை வெறும் வயிற்றில், அதே மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில். ஆறு ஸ்ட்ரிப். பிறகு மூலிகையைத் தொடங்கி, இரண்டாம் கிழமையும் நான்காம் கிழமையும் அதே மாதிரி. சோற்றின் அளவு எல்லா நாளும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு நாள் குரக்கன் புட்டும் மறுநாள் இடியப்பமும் என்றால் ஒப்பிட முடியாது.

எண்ணை எப்படிப் படிப்பது? வீட்டு மீற்றர் 15 வீதம் வரை கூடக் குறையக் காட்டலாம், அது அனுமதிக்கப்பட்ட பிழை. ஆகவே 150 இருந்தது 140 ஆனால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை, அது ஒரே எண்தான். மூன்று நாள் சராசரி 180-இலிருந்து 145-க்கு வந்தால் அது இறக்கம். நான்கு கிழமையில் ஒன்றும் அசையவில்லை என்றால் அந்த மூலிகை உங்களுக்கு இல்லை, விட்டுவிட்டு இரண்டு கிழமை கழித்து வேறொன்றைப் பாருங்கள். மூன்று மாதத்தில் எச்.பி.ஏ.1.சி எடுங்கள். சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் அந்த எண் மூன்று மாதக் கதையைச் சொல்லும். இரத்தச்சோகை இருந்தால் மட்டும் அதை அப்படியே நம்ப முடியாது. வயதானவர்களுக்கு 7-க்குக் கீழே கொண்டுவந்தே தீர வேண்டும் என்று ஓடவும் தேவையில்லை. பல நோயோடு தளர்ந்திருக்கிறவர்களுக்கு 8 வரை ஏற்றுக்கொள்கிறார்கள், உங்கள் இலக்கு என்ன என்று டொக்டரிடம் கேளுங்கள்.

தேன், பனங்கட்டி, பாலைப்பழம். காட்டுத் தேன் இயற்கை என்பதால் சீனி ஏறாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏறும். மூன்றும் ஏற்றும். ஒரு கோப்பைச் சோற்றைக் குறைப்பது எந்த இலையை விடவும் வேகமாக எண்ணை இறக்கும் என்பதை உங்கள் மீற்றரே காட்டித் தரும்.

சீனி தாழ்ந்தால்

வேர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, குழப்பம், வழமையில்லாத கோபம். மீற்றரில் 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனி தண்ணீரில், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை, பிறகு சாப்பாடு. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலோல், பிசோபுரொலோல் போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வராமலே சீனி தாழலாம், அவர்களுக்கு வேர்வையையும் குழப்பத்தையும் கவனியுங்கள். சிறுகுறிஞ்சா மென்றிருந்தால் சீனி இனிக்காது, ஆனாலும் வேலை செய்யும், கொடுங்கள். கடலழிஞ்சில் குடிக்கிறவர்களுக்கு மட்டும் சாதாரணச் சீனி உடைய நேரம் எடுக்கும் என்பதால் பார்மசியில் விற்கிற குளுக்கோஸ் தூளை வீட்டில் வைத்திருங்கள். நினைவில்லாதவரின் வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள்.

தொடவே கூடாதவை

பிலிம்பிங்காய்ச் சாறும் காமரங்காய்ச் சாறும். சீனிக்கும் கொழுப்புக்கும் நல்லது என்று வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஒக்சலேற் சிறுநீரகத்தில் படிந்து சிறுநீரகம் செயலிழந்ததை இலங்கை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கறியில் ஒன்றிரண்டு காய் போடுவது வேறு, சாறு வேறு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அந்த ஒன்றிரண்டும் வேண்டாம். ஆடுதீண்டாப்பாளை சேர்ந்த எதையும் உள்ளுக்குக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும்.

சதையிக்கு மூலிகையை விடப் பெரிய உதவி இரண்டு இருக்கிறது, சாராயம் கசிப்பை விடுவதும் புகையை விடுவதும். சதையி அழற்சிக்கு மதுவும் பித்தக்கல்லும்தான் முக்கியக் காரணங்கள், சதையிப் புற்றுநோய்க்குப் புகைத்தல் ஒரு காரணம்.

மூலிகையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரம்

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவுகிற கடும் வலி, வாந்தியோடு. கண் மஞ்சளாதல். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதப்பது. இவை எந்த வயதிலும் அவசரம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஐம்பது தாண்டியபின், குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சீனி வருத்தம் திடீரென்று வந்து, சாப்பாட்டைக் குறைக்காமலே உடம்பு மெலிந்துகொண்டு போனால், அல்லது பல வருடம் கட்டுப்பாட்டில் இருந்த சீனி காரணமில்லாமல் எகிறினால், சதையியை ஸ்கான் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில வேளை சதையிப் புற்றுநோய் முதலில் காட்டுகிற முகம் அதுதான், அந்த மாதங்களில் "கொஞ்சம் இலை குடித்துப் பார்ப்போம்" என்று இருந்துவிடக் கூடாது.

கிளினிக்குக்குப் போகிற நாளில் எண்கள் எழுதின கொப்பியையும், குடிக்கிற மூலிகையில் ஒரு பிடியைப் பையில் போட்டும் கொண்டுபோங்கள். ஏசுவார்கள் என்று மறைக்காதீர்கள். அம்மா முதல் தடவை கொவ்வை இலையை மேசையில் வைத்தபோது டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சம்பலைத் தொடரச் சொல்லி, காலைக் கிளிக்ளசைட்டைப் பாதியாக்கினார். அந்த எண்களை எழுதிக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.